தடைக்காலத்துப் படங்கள்

உச்சிப்புளி, 2025

ஏப்ரல் 15, செவ்வாய்

விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை இன்று தொடங்கியது. அண்ணன் மண்டபத்திலிருந்து வலை மூட்டையும் சோற்றுச் சட்டியுமாக வந்து இறங்கினான். சம்மாட்டி படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கப் போகிறாராம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எந்த வாரம் கணக்கில் ஏறும் என்று விசாரித்துவிட்டு, மதினி மளிகைக் கடைப் பாக்கிக்குத் தவணை சொல்லி அனுப்பினாள்.

என் பள்ளிக்கூடமும் விடுமுறையை நெருங்கிவிட்டது. போன மாதம் ஒரு பழைய புரொஜெக்டர் கைமாறி வந்தது. காரைக்குடியில் படித்த காலத்தில், செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடரைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தப் படங்களின் கதை தெரியும், கடைசிக் காட்சி தெரியும், பார்க்கத்தான் வழியில்லை. ராமநாதபுரம் சிடி கடையில் கேட்டால் ஜாக்கி சான் புதுசு வந்திருக்கிறது என்பார்கள். இப்போது அவற்றில் பாதி, வட்டாகவோ இணையத்திலோ கிடைத்துவிடுகிறது. இந்த ரெண்டு மாதமும் ராத்திரியில் நம் வீட்டு மாடிச் சுவரில் படம் என்று தெருவில் சொல்லிவிட்டேன். கடலும் கரையும் வருகிற படங்கள் முதலில். யாரும் வரலாம், பாய் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

‘தி நேக்கட் ஐலேண்ட்’. ஜப்பான், 1960. இயக்கம் கனேட்டோ ஷிண்டோ. பேச்சே இல்லாத படம் என்பதால்தான் முதலில் வைத்தேன். அப்பத்தாவுக்கும் எனக்கும் ஒரே அளவு புரியும்.

ஒரு மொட்டைத் தீவு. புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பையன்கள். தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. பக்கத்துத் தீவில் மொண்டு, தோணியில் ஏற்றி வந்து, தோள்தண்டின் இரு முனையிலும் வாளி தொங்க மேடேறி, ஒவ்வொரு செடிக்கும் அகப்பையால் ஊற்றுகிறார்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் பெரும்பகுதி இதுதான். கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. காவிரித் தண்ணீர் குழாயில் வராத வாரங்களில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிற பெண்கள் பாதிப்பேர். நடிகை நோபுகோ ஒட்டோவாவின் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தார்கள். “குதிகால ஊண்டாம ஏறுறா பாரு, பழகுன பொம்பளைதான்” என்றாள் மதினி.

அவள் ஒருமுறை கால் தடுக்கி வாளியைக் கொட்டிவிடுகிறாள். புருஷன் அறைகிறான். “சிந்துனதுக்கு அடிக்கலத்தா, திரும்பி ஒரு நடை போகணுமேன்னு அடிக்கிறான்” என்று அப்பத்தா சமாதானம் சொன்னது. “எதுக்கா இருந்தா என்ன, கை நீளுதுல்ல” என்று மதினி. படம் முடிந்தும் இந்த வழக்கு முடியவில்லை.

ஷிண்டோவின் கம்பெனி மூடும் நிலையில் இருந்தபோது, கையிலிருந்த சொற்பக் காசில் சின்னக் குழுவோடு போய் எடுத்த படம் இது. 1961இல் மாஸ்கோ விழாவில் பெரும்பரிசு வாங்கிக் கம்பெனியையும் காப்பாற்றியது. அதைச் சொன்னபோதுதான் அண்ணன், “அப்ப நெசமாவே தண்ணி அவனுக்குச் சோறு போட்டிருக்கு” என்றான்.

ஏப்ரல் 23, புதன்

‘மேன் ஆஃப் ஆரன்’, 1934. அமெரிக்கரான ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி, அயர்லாந்துக்கு மேற்கே இருக்கிற ஆரன் தீவுகளில் எடுத்தது. வசனமும் எழுத்தும் கொஞ்சம்தான், இருந்தாலும் நான் சுவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மௌனப்பட நாளில் நம்மூர்க் கொட்டகைகளில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். ஜப்பானில் அதற்கென்றே பேர் பெற்ற கலைஞர்கள் இருந்திருக்கிறார்கள். எனக்கு ராத்திரிச் சம்பளம் ஒரு தம்ளர் சுக்குக்காப்பி.

பெரிய சுறாவை ஈட்டி எறிந்து பிடிக்கும் காட்சிதான் படத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அப்பா கரைவலையிலும் தூண்டிலிலும் ஆயுசைக் கழித்தவர். “எறியிறவன் கயித்தையே பாக்குறான். தொழில்காரன் மீனப் பாப்பான். இவனுக இந்தத் தொழில் விட்டு ரொம்ப நாளாயிருக்கும்” என்றார். படம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சொன்னேன்: அந்தத் தீவில் சுறா வேட்டை ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தது. படத்துக்காகப் புதிதாகக் கற்றுக்கொடுத்துத்தான் எறியச் சொன்னார்கள். அப்பா, அம்மா, பையனாக வருகிற மூவரும் ஒரே குடும்பமும் இல்லை.

“பொய்ப்படமா” என்று எழுந்த குரலை அப்பாவே அடக்கினார். பெரிய அலையில் தோணி கரை பிடிக்கத் திணறும் இடத்தில் அவர் எழுந்து நின்றேவிட்டார், உட்காரச் சொல்லிப் பின்னால் சத்தம் போட வேண்டியிருந்தது. “சுறா பொய்யா இருக்கட்டும். அந்த அலைக்குள்ள போனவன் நெசமாத்தான் போயிருக்கான்” என்றார். அதுவும் உண்மைதான். அந்த மனிதர்களை அப்படியொரு கடலில் இறக்கியதற்காக ஃப்ளாஹர்ட்டி பின்னாளில் தன்னையே கடிந்துகொண்டார்.

வெறும் பாறைமேல் கடல்பாசியைக் கொட்டி மண் உண்டாக்கி, உருளைக்கிழங்கு போடுகிறாள் ஒரு பெண். வளைகுடாத் தீவோரம் பாசி எடுக்கப் போகிற அத்தை ஒருத்தி, “அம்புட்டுப் பாசியையும் மண்ணுல கொட்டுறாளே, எடைக்குப் போட்டா என்ன வெல போகும்” என்று கடைசிவரை ஆறவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஷாஜி என். கருண் நேற்று திருவனந்தபுரத்தில் இறந்துவிட்டார். வயது 73. அரவிந்தனின் ‘தம்பு’, ‘கும்மாட்டி’ படங்களுக்குக் கேமரா பிடித்தவர். அவரே இயக்கிய முதல் படம் ‘பிறவி’ (1988). கானில் தங்கக் கேமரா விருதுக்கான சிறப்புக் குறிப்பும், இங்கே சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையும் பெற்றது. கடல் வரிசையை நிறுத்திவிட்டு அதைப் போட்டேன். கிடைத்த பிரதி மங்கல். கொல்லத்தில் சில காலம் படகில் இருந்ததால் மலையாளத்துக்கு அண்ணனே பொறுப்பு.

காலேஜில் படிக்கிற மகன், தங்கை கல்யாண நிச்சயத்துக்கு வர வேண்டியவன், வரவில்லை. கிழவர் தினமும் துறை தாண்டி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்க் காத்திருக்கிறார். பஸ் வருகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், அவன் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீஸ் பிடித்துப்போய்த் திரும்பாத வழக்கை நினைக்காமல் இதைப் பார்க்க முடியாது. கிழவராக வரும் பிரேம்ஜிக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருது.

மழை, துறை, படகு, மறுபடி பஸ். தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா வந்திருந்தாள். அவள் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். இது தெரிந்திருந்தும் படத்தைப் போட்டோமே என்று எனக்கு உள்ளுக்குள் பதற்றம். அவள் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கேட்டாள்: “அந்தப் பய என்ன ஆனான்னு கடைசிவரைக்கும் காட்டலையே.”

“காட்டலை பெரியம்மா.”

“ம். அப்படித்தான் இருக்கும்.” பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. மாடித் தரை ராத்திரி எட்டு மணிக்கும் சுட்டது, தண்ணீர் தெளித்துத்தான் பாய் விரித்தோம்.

‘செம்மீன்’. தகழியின் நாவல், ராமு காரியாட்டின் படம், 1965. சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் தென்னிந்தியாவுக்கு முதல்முதலாக வந்தது இதற்குத்தான். ‘மாயா பஜார்’ எடுத்த மார்க்கஸ் பார்ட்லிதான் ஒளிப்பதிவு. நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்திருந்ததால் எனக்குக் கருத்தம்மாவும் பரீக்குட்டியும்தான் கதை. கூட்டத்துக்குக் கதை வேறாக இருந்தது. பரீக்குட்டியிடம் காசு வாங்கிப் படகும் வலையும் வாங்கிவிட்டு, திருப்பித் தராமல் நிற்கும் செம்பன்குஞ்சுதான் அவர்கள் கண்ணுக்கு முழுக்கத் தெரிந்த ஆள். “காதலு கெட்டது கடலால இல்ல, அந்தக் கடனால” என்றார் அப்பா.

கரையில் இருக்கிற பெண்டாட்டி நெறி தவறினால் கடலில் போன புருஷனுக்கு ஆபத்து என்ற நம்பிக்கையின் மேல்தான் படம் நிற்கிறது. அது வரும் இடத்திலெல்லாம் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. மதினி வெளிப்படையாகவே கேட்டாள்: “பொம்பள ஒழுங்கா இருந்தா கடல் காப்பாத்தும்னா, சிலோன் நேவி புடிச்சிட்டுப் போறானே, அது எவ ஒழுங்கில்லாததால?”

ஆண்கள் பக்கம் யாருக்கும் பதில் இல்லை. ஆனாலும் வலை இழுக்கும் காட்சிகளையும் பாட்டையும் ரெண்டாம் தடவை போடச் சொன்னது அவளேதான்.

மே 12, திங்கள்

‘லா டெர்ரா ட்ரெமா’வை நேற்றும் இன்றுமாக ரெண்டு ராத்திரியில் முடித்தோம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இத்தாலி, 1948. லூக்கினோ விஸ்கோன்டி சிசிலித் தீவின் அச்சி ட்ரெட்சா என்ற மீனவ ஊருக்குப் போய், அந்த ஊர் ஆட்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சிலேயே எடுத்தார். அந்தப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே விளங்காது என்று ஊடே ஒரு குரல் கதை சொல்கிறது. என் வேலையைப் பாதி அந்தக் குரலே பார்த்துவிட்டது.

ஊரின் மொத்த வியாபாரிகள் விலையை அடித்துப் பேசுகிறார்கள். ’ந்தோனி என்கிற இளைஞன் தராசைத் தூக்கிக் கடலில் வீசுகிறான். மாடியில் விசில் பறந்தது. அண்ணன் மட்டும் விசிலடிக்கவில்லை. “வீசுனது சரி. நாளைக்கு மீன யாருகிட்ட போடுவான்?” இங்கேயும் முன்பணம் வாங்கியவன் அந்த வியாபாரிக்குத்தான் மீன் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் படத்தின் மீதிப் பாதி. ’ந்தோனி வீட்டை அடமானம் வைத்துச் சொந்தப் படகு வாங்குகிறான். நெத்திலி கிடைக்கிறது, வீட்டுப் பெண்கள் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். அப்புறம் புயல். படகு போகிறது, வீடு போகிறது, கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்கு நிற்கிறான்.

புயலில் போனவர்களைத் தேடிப் பெண்கள் கறுப்புப் போர்வையோடு, காக்காய்க் கூட்டம் மாதிரி பாறைமேல் நிற்கிற இடம் வந்தது. அப்பத்தா பேச ஆரம்பித்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அடித்த புயல். அப்போது கல்யாணமாகிப் புதுசு. விடிந்தபின் இந்தக் கரையில் என்னென்ன ஒதுங்கிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. படத்தை நிறுத்திவிட்டேன். கொட்டகையில் நிறுத்த முடியுமா? அது சொல்லி முடித்து, “சரி, போடு” என்றபின் தொடர்ந்தோம்.

படம் பிடித்ததா என்று அண்ணனைக் கேட்டேன். “வெலைய நாலு தடவ காட்டுனான் பாரு, அதுக்காகவே பாக்கலாம்” என்றான். கடலைப் பற்றி எத்தனையோ படம் வந்திருக்கிறது, கரையில் எடை போடுவதைக் காட்டியவன் இவன்தான் என்பது அவன் கட்சி.

மே 20, செவ்வாய்

கான் விழாவில் நேற்று சத்யஜித் ராயின் ‘ஆரண்யேர் தின் ராத்ரி’ (1970), செப்பனிட்ட புதுப் பிரதியில் திரையிடப்பட்டது. சர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் போயிருக்கிறார்கள், அறிமுகம் செய்தவர் வெஸ் ஆண்டர்சன். அதே விழாவில் இலங்கையின் சுமித்ரா பீரிஸ் எடுத்த ‘கெஹெனு லமாய்’ (1978) படத்துக்கும் புதுப் பிரதி. மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கு ரெண்டிலும் பங்கு.

சிங்களப் படம் என்றதும் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது, மெட்ராஸ் தூர்தர்ஷன் எட்டாத இந்தக் கரைக்கு அதுதான் டிவி. உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினால் போதும், கொழும்பு வீட்டுக்குள் வந்துவிடும். காற்றில் கம்பம் திரும்பிக்கொண்டால் ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், உள்ளிருந்து “வருது… வருது… போச்சு” என்று சத்தம் கொடுப்பார்கள். ராமேசுவரத்தில் 323 மீட்டர் கோபுரம் எழும்பியதெல்லாம் 1995இல்தான். அதற்குள் எங்கள் அம்மா பாஷை தெரியாமலே எத்தனையோ சிங்களப் படம் பார்த்துவிட்டாள். நான் நோட்டில் கத்தரித்து ஒட்டுவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே இந்த வீட்டில் உலக சினிமா ஓடியிருக்கிறது. அதற்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மே 25, ஞாயிறு

மாலினி பொன்சேகா நேற்று கொழும்பில் காலமானார். அம்மாவுக்கு முகம் உடனே தெரிந்தது. “நம்ம சிவாஜிக்கு ஜோடியா நடிச்சாளே!” ஆமாம், ‘பைலட் பிரேம்நாத்’ (1978), இந்திய இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு.

அதே 1978இல் தர்மசேன பத்திராஜ இயக்கி மாலினி நடித்த ‘பம்பரு அவித்’தை இன்று போட்டேன். பத்திராஜ யாழ்ப்பாணத்தில் கற்பித்தவர். அங்கே ‘பொன்மணி’ என்று தமிழிலேயே ஒரு படம் எடுத்தவர். ‘பம்பரு அவித்’ எடுத்தது கற்பிட்டிப் பக்கத்து மீனவக் கரையில். நம் மன்னார் வளைகுடாவின் அக்கரை அது. பட்டணத்துப் பணக்கார வாலிபர்கள் வந்து மீன் வியாபாரத்தில் கை வைக்கிறார்கள், ஊர் நிலைகுலைகிறது.

அந்தக் கரை, அந்தப் பனை, அந்த வெள்ளை மணல் எல்லாம் நம்முடையதாகவே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு யாரும் சப்டைட்டில் கேட்கவில்லை. அண்ணன் முன்னால் குனிந்து படகுகளின் அணியத்தையே பார்த்தான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்தப் பக்கத்துச் சிறையில் இருந்துவிட்டு வந்த பையன் ஒருவன் கூட்டத்தில் இருந்தான். படம் முடிந்ததும் அவன், “ஜன்னல்ல இருந்து இம்புட்டுத் தெரியல” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறப்பு. கடலுக்கு ஒரு நாள் லீவு விட்டு ‘வீடு’ (1988). மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா, மெட்ராஸில் ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டை எடுத்தார். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம்.

இன்றைக்கு விமர்சகர் நாற்காலி கொத்தனார் மாமாவுக்கு. வானம் தோண்டுவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையில் கை வைப்பதைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடத்தில், “எங்காளு ஒருத்தன் சொல்லிக் குடுத்துத்தான் எடுத்திருக்கணும்” என்றார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வெயிலில் தனியாக வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். மதினி மூக்கைச் சிந்தினாள். எங்கள் பின்கட்டும் ரெண்டு வருஷமாக லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.

இந்தப் படத்தின் நெகட்டிவே இல்லாமல் போயிற்று என்று பாலு மகேந்திரா உயிரோடிருக்கும்போதே வருந்தினார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. நடராஜ முதலியார் மெட்ராஸில் எடுத்த முதல் மௌனப்படம் ‘கீசக வதம்’ இல்லை. இத்தாலியும் ஜப்பானும் கிடைக்கிற சுவரில் நம்முடையது மங்கலாக விழுகிறது. பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை, யாரோ டிவியிலிருந்து பதிந்து வைத்ததுதான் மிச்சம்.

ஜூன் 14, சனி

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. மண்டபத்தில் ஐஸ் வண்டியும் டீசல் கேனுமாக ஒரே சந்தடி என்று அண்ணன் போனில் சொன்னான். டோக்கன் கிடைத்ததும் கிளம்புவார்கள். கச்சான் பலமாக வீசுகிறது, மாடியில் இனி ஸ்பீக்கர் சத்தமே கேட்காது. சனிக்கிழமைதோறும் கீழே கூடத்தில் போடுவதாக முடிவு. அடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பது மதினி. நிபந்தனையும் சொல்லிவிட்டாள்: பெண்ணை அடிக்காத படமாக இருக்க வேண்டும். நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், லேசாக இல்லை.

சாயங்காலம் அண்ணன் துணிமணி எடுக்க வந்தபோது போனை நீட்டினான். மடி இழுக்கிற ராத்திரியில் பார்க்க ஒரு படம் ஏற்றித் தர வேண்டும். விஸ்கோன்டியா, பத்திராஜவா என்று கேட்டேன்.

“கடல் வேணாம்டி. கடல அங்க பாத்துக்கிறேன். காடு படம் இருந்தா போடு.”

அப்படியானால் ராய்தான். ‘ஆரண்யேர் தின் ராத்ரி’யின் பழைய பிரதி ஒன்று கைவசம் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து நாலு வாலிபர்கள் பலாமு காட்டுக்கு உல்லாசமாகப் போகிற கதை. சப்டைட்டிலை யார் படிப்பது என்றான். நடுக்கடலில் ஸ்டூல் போட்டு நான் உட்கார முடியாது. வசனம் முழுவதையும் தமிழில் சொல்லிப் பதிந்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

பாதி பதிந்தாயிற்று. சர்மிளா தாகூர் சுலபமாக வருகிறார். நாலு ஆண் குரலுக்கும் நான் ஒருத்தியே பேசுவதுதான் பாடு. அவர்கள் சாராயக் கடையில் குடித்துவிட்டு உளறும் காட்சியை மட்டும் அண்ணனையே பேச வைத்தேன். ஒரே டேக்கில் ஓகே.